ஒரு கையால் மலையைத் திருப்ப முடியாது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இந்த இடத்தில் நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும் என்று வர வேண்டும். என் சுகம் வாரத்தில் மூன்று நாள் ஒரு குழாய் வழியாக வெளியே போய், இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே அதைப் பற்றி இயந்திரத்தைத்தான் விசாரிக்க வேண்டும். உங்கள் மாமியாருக்கு முழங்கால் வலி, அதைத் தவிர்த்தால் என்னால் வருகிற தலைவலி, மற்றபடி நலம். என் மகளை விசாரித்ததாகச் சொல்லுங்கள். ஆனால் இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம். ஏன் என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்பீர்கள். இரண்டு தடவை முயன்று பார்த்தேன். முதல் தடவை என் மகள் போனைப் பிடுங்கி, "அப்பா, உப்பைக் குறைச்சீங்களா?" என்று ஆரம்பித்து, நான் பதில் சொல்வதற்குள் அழுது முடித்துவிட்டாள். இரண்டாம் தடவை நீங்கள் எடுத்தீர்கள். விஷயத்தைச் சொன்னேன். "மாமா, இப்ப எல்லாரும் த்ரீ டி தான் கேட்கிறாங்க, பழகிட்டா உங்களுக்கே பிடிச்சிடும்" என்று சொல்லிவிட்டு ஏதோ மீட்டிங்குக்குப் போய்விட்டீர்கள். எழுத்தில் இருந்தால் மீட்டிங்குக்குப் போய்விட்டு வந்த பிறகும் அது அங்கேயே இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

விஷயம், உங்கள் கம்பெனி செய்து விற்கும் அந்தப் போர் விளையாட்டு. நீங்கள் பெண் கேட்டு வந்தபோது, 'விளையாட்டு செய்வதெல்லாம் ஒரு உத்தியோகமா' என்று நான் கேட்டதை இன்னும் வாபஸ் வாங்கவில்லை. இருந்தாலும் என் சிறுநீரகம் இரண்டும் கடையைச் சாத்திய பிறகு, நாற்காலியில் கிடக்கும் நேரம் போக வேண்டுமே என்று நீங்கள் அந்த டேப்லெட்டில் விளையாட்டை ஏற்றி அனுப்பி வைத்தீர்கள் அல்லவா, அது உங்கள் நல்ல குணம். (இதில் ஒரு சங்கடம். பெரிய நர்ஸ் காலையில் வந்து, "சார், டேப்லெட் எடுத்தாச்சா?" என்று கேட்டால் நான் பையிலிருந்து எடுத்துக் காட்டுவேன். அவர் கேட்டது பிரஷர் மாத்திரையை. அந்தக் குழப்பத்தில் இரண்டு நாள் மாத்திரையே போடவில்லை. இதையும் மகளிடம் சொல்ல வேண்டாம்.)

நாங்கள் இருக்கும் கூடத்தை நீங்கள் பார்த்ததில்லை. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அலமாரி உயரத்துக்கு ஓர் இயந்திரம். சுவரில் ஒரு டிவி உண்டு. அதன் ரிமோட்டை யாரோ சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டதால், அது எப்போதும் மெத்தை விளம்பரம் மட்டுமே காட்டும். இடது கையில் இரண்டு ஊசியைச் செருகி ஒட்டிவிட்டால், எடுக்கிற வரைக்கும் அந்தக் கையை மடக்கக் கூடாது. மூக்கு அரித்தால் வலது கை, கண்ணீர் வந்தால் வலது கை, எல்லாம் வலது கை. யாராவது ஒரு நாள் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று இங்கே யாரும் கேட்பதில்லை. அந்த நாற்காலியின் உறையை மாற்றுவார்கள். தெரிந்துகொள்வோம்.

எனக்கு வலது பக்கம் லாரிக்காரர். நான் வண்டி ஓட்டும் உரிமத்துக்குச் சோதனை வைக்கும் அதிகாரியாக இருந்த காலத்தில், ரிவர்ஸ் எடுக்கத் தெரியவில்லை என்று இவரை மூன்று தடவை ஃபெயில் பண்ணியிருக்கிறேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. நான் ஃபெயில் பண்ணினவர்களையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இன்னொரு தலை வேண்டும். முதல் நாள் என்னைப் பார்த்ததுமே அவர், "ஏம்மா நர்சு, இந்த ஆளா எனக்குப் பக்கத்துல? என்னை வேற சீட்டுக்கு மாத்துங்க. இவரு என்னை இங்கயும் ஃபெயில் பண்ணிருவாரு!" என்று கத்தினார். அன்று முதல் கூடத்தில் எனக்கு ஃபெயில் சார் என்று பெயர். டாக்டர்கூட ஒரு தடவை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, இருமுவது போலச் சமாளித்தார்.

இடது பக்கம் தையல்காரம்மா. பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பவர். தனி ஆள். ஒற்றை அறையில் குடியிருப்பு, ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். பேருந்தில் வருவார், முடிந்ததும் தலை சுற்றினாலும் பேருந்திலேயே போவார். உடம்பு முருங்கைக்காய் மாதிரி. நாக்கு கத்தரிக்கோல் மாதிரி. நாங்கள் மூன்று பேரும் உங்கள் விளையாட்டில் மூன்று தேசங்கள். நான் நீலம், லாரிக்காரர் மஞ்சள், அவர் சிவப்பு. ஒருவர் தன் படையை நகர்த்திவிட்டுப் பொத்தானை அமுக்கினால், பெரிய நர்ஸ் டேப்லெட்டை மருந்துத் தட்டில் வைத்து அடுத்த நாற்காலிக்குக் கொண்டு போவார். இத்தனை நாளில் ஒரு ஆட்டம்கூட நான் தையல்காரம்மாவை ஜெயித்ததில்லை. லாரிக்காரர் என்னை ஜெயித்திருக்கிறார். அதை வெளியே சொல்வதில்லை என்று அவரிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். அவர் அதைக் காப்பாற்றவில்லை.

இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான் மாப்பிள்ளை. அது காத்திருக்கும். கெண்டைக்காலில் பிடிப்பு வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாலும் காத்திருக்கும். பிரஷர் இறங்கி, தலையைத் தாழ்த்தி, காலைத் தூக்கி வைத்துவிட்டார்களா, காத்திருக்கும். ஆட்டத்தின் நடுவில் லாரிக்காரர் குறட்டை விட்டுத் தூங்கினாலும், "மஞ்சளின் முறை" என்று திரையில் எழுதிக்கொண்டு, கொட்டாவிகூட விடாமல் காத்திருக்கும். எங்களுக்காக வேறு எதுவும் இப்படிக் காத்திருந்ததில்லை. பேருந்து காத்திருக்காது, மருந்துக்கடைக்காரன் காத்திருக்க மாட்டான், மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பதோ நாங்கள்தான்.

இப்படி இருக்கும்போதுதான் போன மாதம் ஒரு நாள் டேப்லெட்டைத் திறந்தால், தட்டையாகப் படுத்திருந்த தேசம் எழுந்து நிற்கிறது. கட்டம் கட்டமாக, கணக்கு நோட்டு மாதிரி ஒழுங்காக இருந்த வரைபடத்தில் மலை முளைத்திருக்கிறது. மேகம் போகிறது. புல் ஆடுகிறது. என் தலைநகரம் எங்கே என்று தேடினால் ஒரு மலை வந்து மறைக்கிறது. மலையை நகர்த்தலாம் என்று விரலை வைத்தேன். தேசம் முழுவதும் தட்டாமாலை சுற்றி, எது வடக்கு எது தெற்கு என்று தெரியாமல் நின்றது. பாலத்தைத் தொடுவதாக நினைத்து எதையோ தொட்டேன். எனது சேனை முழுவதும் வரிசை கலையாமல், மிக ஒழுக்கமாக நடந்து போய்க் கடலில் இறங்கியது.

நான் போட்ட கூச்சலில் பிரஷர் ஏறி, என் இயந்திரம் அலறத் தொடங்கியது. நர்சுகள் ஓடி வந்தார்கள். சின்ன டாக்டர் ஓடி வந்தார்.

"சார், என்ன பண்ணுது?"

"என் படை மொத்தமும் கடல்ல இறங்கிருச்சு டாக்டர்! நாலாயிரம் பேர்!"

"சார், பதட்டப்படாதீங்க. நீங்க இப்ப எங்க இருக்கீங்க, சொல்லுங்க பார்ப்போம்."

"மலைக்குப் பின்னாடின்னு நினைக்கிறேன். அதுதானே தெரியல!"

டாக்டர் என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். இது என்ன மாதம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லுங்கள் என்றார். எத்தனையோ பேரைச் சோதித்த என்னையே ஒருவர் சோதிக்கிறாரே என்ற ஆத்திரத்தில் எண்பத்தாறுக்குப் பிறகு தப்பாகச் சொல்லிவிட்டேன். "ஃபெயில்!" என்று லாரிக்காரர் கையைத் தட்டினார், ஊசி குத்தின கையென்றும் பார்க்காமல். என் தாளில் 'குழப்பம்' என்று எழுதி உங்கள் மாமியாரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் குடையும் கையுமாக மூச்சு வாங்க வந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவரு எப்பவுமே இப்படித்தான் டாக்டர், இது புதுசு இல்லை" என்று சாட்சி சொன்ன பிறகுதான் என்னைத் தலை ஸ்கேனுக்கு அனுப்பாமல் விட்டார்கள்.

இது முதல் நாள் கதை. அடுத்தது ஆறு. முன்பெல்லாம் ஆறு என்றால் ஒரு நீலக் கோடு. அதைப் பார்த்து யாருக்கும் எதுவும் தோன்றாது. இப்போது உங்கள் ஆட்கள் ஆற்றை ஓட விட்டிருக்கிறார்கள். தண்ணீர் பளபளவென்று பாறையில் மோதுகிறது, சலசலக்கிறது, சத்தத்தோடு. மாப்பிள்ளை, நாங்கள் நாளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து குடிக்கிற ஜனங்கள். நாக்கு மரப்பட்டை மாதிரி இருக்கும், வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கினால் திட்டு. லாரிக்காரர் அந்த ஆற்றங்கரையில் தன் படையை நிறுத்தி வைத்துவிட்டு, நகர்த்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு குடம் குடித்திருப்பார் போல. அடுத்த தடவை முகமெல்லாம் வீங்கி, மூச்சு இழுக்க, அவரைப் பிடித்துக்கொண்டுதான் எடை பார்த்தார்கள்.

"எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்று பெரிய நர்ஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"நான் குடிக்கலைம்மா. அந்த ஆறு குடிக்க வச்சது."

"எந்த ஆறு?"

"ஃபெயில் சாரோட மருமகன் வெட்டுன ஆறு."

அன்று அவர் உடம்பிலிருந்து இழுத்த தண்ணீருக்கு, போன உயிர் திரும்பி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சாயங்காலம் அவர் மனைவி வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆற்றை வெட்டியது நான் இல்லை என்று எப்படி விளக்குவது?

மூன்றாவது விஷயத்தை எழுதக் கை கூசுகிறது. முன்பு சண்டை என்றால் எண்கள் குறையும். நாற்பது என்றிருப்பது இருபத்தைந்து ஆகும், அவ்வளவுதான். இப்போது ஒவ்வொருவனாக விழுகிறான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் மடிந்து, முகம் குப்புற. ஒருவன் விழுந்த பிறகும் கையை ஒரு தடவை தூக்கிப் பார்க்கிறான். இதைப் போய் எங்கள் கூடத்தில் காட்டலாமா? ஒரு நாள் நாங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது எதிர் வரிசையில் ஒருவர் நிஜமாகவே அப்படிக் கையைத் தூக்கினார். திரைச்சீலையை இழுத்து மறைத்தார்கள். காலடிச் சத்தமும் இரும்புச் சக்கரங்களின் சத்தமும் கேட்டன, பிறகு கேட்கவில்லை. டேப்லெட்டில் லாரிக்காரருடைய வில்லாளிகள் விழுந்துகொண்டே இருந்தார்கள். அவர் அதை மார்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்துவிட்டார். சத்தத்தை எப்படி நிறுத்துவதென்று யாருக்கும் தெரியவில்லை.

நாலாவது, ஊசி. உங்கள் புது ஏற்பாட்டில் மலையைத் திருப்ப இரண்டு விரலை விரித்துச் சுழற்ற வேண்டுமாமே. டேப்லெட்டைப் பிடிக்க ஒரு கை, சுழற்ற ஒரு கை. எங்களுக்கு ஒதுக்கியிருப்பதே ஒரு கை. மடியில் வைத்துச் சுழற்றினால் வழுக்குகிறது. தொடையிடுக்கில் செருகிச் சுழற்றினால் பார்க்கிறவர்கள் தப்பாக நினைக்கிறார்கள். யோசித்து யோசித்து, டேப்லெட்டை நெஞ்சில் சாய்த்து வலது கையால் பிடித்துக்கொண்டு, கட்டை விரலை ஒரு புறமும் மூக்கு நுனியை மறுபுறமும் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். மலை திரும்பியது! அந்தச் சந்தோஷத்தில் நான் இடது கையை மடக்கிவிட்டேன். ஊசி நழுவி, ரத்தம் குழாயைவிட்டுப் பீறிட்டு, போர்வை, தரை, டேப்லெட், நீல தேசம் எல்லாம் சிவப்பு. பெரிய நர்ஸ் என் கையைத் தன் முழு பலத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, "சார், நீங்க போர்ல சாகறதுன்னா வீட்ல சாகுங்க. என் ஷிஃப்டுல சாகாதீங்க" என்றார். இதைத்தான் மகளிடம் சொல்ல வேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகு டேப்லெட்டைப் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால்தான் ஆட்டம் என்று உத்தரவு. உங்கள் மாமியார் வந்து உட்கார்ந்தாள். தட்டையாக இருந்த காலத்தில் இவள் அதை எட்டிப் பார்த்து, "என்ன, கரண்டு பில்லா?" என்று கேட்டுவிட்டுப் போனவள். இப்போது மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறாள். நான் சற்றுக் கண் அசந்த நேரத்தில், பாலத்தைக் காத்துக்கொண்டிருந்த என் குதிரைப் படையைக் கொண்டு போய் ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டாள்.

"ஏண்டி நகர்த்தின?"

"பாவம், வெயில்ல நின்னுச்சு. நிழல்ல நின்னா என்ன தப்பு?"

காவல் இல்லாத பாலத்தின் வழியாகத் தையல்காரம்மாவின் சிவப்புப் படை அன்றே வந்து இரண்டு ஊரைப் பிடித்துக்கொண்டது. "ரொம்ப நன்றிம்மா" என்று அந்தம்மா இவளுக்குச் சொல்ல, "இருக்கட்டும்மா" என்று இவள் அந்தம்மாவுக்குச் சொல்ல, இரண்டு பேரும் அன்றிலிருந்து சிநேகிதிகள். என் தேசத்தில் எனக்கு எதிராக இத்தனை பேர்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். உங்கள் முப்பரிமாணத்துக்கு எங்கள் கூடத்தில் ஆதரவு கொடுத்தவர் தையல்காரம்மா ஒருவர்தான். தன் முறை வந்தால் உடனே நகர்த்த மாட்டார். உங்கள் மாமியார் பிடித்துக்கொள்ள, டேப்லெட்டை முழங்காலில் சாய்த்து, சுண்டு விரலையும் கட்டை விரலையும் விரித்து, மெதுவாகத் தேசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். மேலே போவார், கீழே இறங்குவார்.

"மலையெல்லாம் நான் நேர்ல பார்த்ததே இல்லைங்க. இதுல பனி கூட விழுது பாருங்க" என்பார் என் மனைவியிடம்.

"நான் லாரியில மலை ஏறி எறங்கின ஆளும்மா," என்பார் லாரிக்காரர். "மலையைப் பார்த்தாலே எனக்குப் பிரேக்குதான் ஞாபகம் வரும். புண்ணியமா போகும், நகர்த்துங்க."

"இருங்க. எங்க ஓடப் போறீங்க? கையில ஊசி குத்தியிருக்கு."

ஆள் விழுவதைப் பற்றி அவரிடமே ஒரு நாள் கேட்டேன். "முன்ன மாதிரி நம்பர் குறைஞ்சா போதாதாம்மா? இதைப் பார்க்க உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?" என்றேன்.

"நம்பர் குறையறதைத்தான் நம்ம ரத்த ரிப்போர்ட்ல மாசாமாசம் பார்க்கிறோமே சார்" என்றார். "விழுறவன் விழத்தான் செய்வான். விழுந்தான்னு நாலு பேரு பார்க்கட்டுமே."

இதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கும். ஆடுகிறவனுக்கு உதவாது. எதிரி எந்தக் கட்டத்தில் நிற்கிறான், என் ஆள் எந்தக் கட்டத்தில் நிற்கிறான், நடுவில் எத்தனை கட்டம்: இந்த விளையாட்டுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவே. இதைச் சொல்ல மேகம் எதற்கு? ஆடுகிற புல் எதற்கு? ஒருவன் மலையின் இந்தப் பக்கம் நிற்கிறானா அந்தப் பக்கம் நிற்கிறானா என்று தெரியாமல் நான் அம்பு விட்டால், அது என் யோசனையின் தோல்வியா, என் கண்ணின் தோல்வியா? சோதனைக்கு வருகிறவனிடம் ரோட்டை மறைத்துவிட்டு ஓட்டு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ரோடு பளிச்சென்று தெரிந்தும் ஓட்டத் தெரியாதவனைத்தான் ஃபெயில் பண்ணினேன். ஓடிப் பிடிக்கிற விளையாட்டுக்கு வேண்டுமானால் உங்கள் மலையையும் மடுவையும் வைத்துக்கொள்ளுங்கள். முறை வைத்து, உட்கார்ந்து, யோசித்து ஆடுகிற ஆட்டத்துக்கு ஒரு தட்டையான தேசம் போதும். ஆகவே உங்கள் மேலதிகாரிகளிடம் சொல்லி, பழைய வரைபடத்தை உடனே திருப்பித் தர ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். இல்லாவிட்டால் டேப்லெட்டைப் பார்சலில் அனுப்பிவிடுவேன். ரத்தக் கறை ஓரத்தில் கொஞ்சம் இருக்கும், பொருட்படுத்த வேண்டாம்.

நீங்களும் என் மகளும் தாகம் எடுத்தபோதெல்லாம் வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்து, நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். உங்கள் மாமியாரும் தன் ஆசியைச் சேர்க்கச் சொல்கிறாள். குதிரை விஷயத்தில் தன் மேல் தப்பில்லை என்றும் எழுதச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடலாம் என்று பார்த்தேன். பக்கம் பக்கமாக இருப்பதால் கை வலிக்கிறது. நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து தையல்காரம்மா எப்போதும்போலப் பேருந்து ஏறியிருக்கிறார். தன் நிறுத்தத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கின பிறகு, தூங்குகிறார் என்று நினைத்து நடத்துநர் தோளைத் தொட்டு எழுப்பியிருக்கிறார். மடியில் தைக்க எடுத்துப் போன சட்டைத் துணி இருந்ததாம். பெரிய நர்ஸ் இதை என்னிடம் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். இவள் காய் நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், அடுப்பிடம் சொல்வது போலச் சொன்னாள்.

அடுத்த தடவை நான் போனபோது இடது பக்க நாற்காலிக்குப் புது உறை போட்டிருந்தது. அதில் ஒரு நடுத்தர வயதுக்காரர், ஷூவைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பெரிய நர்ஸ் டேப்லெட்டைக் கொண்டு வந்து, பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்ற உத்தரவை மறந்தவர் போல என் மடியில் வைத்துவிட்டுப் போனார். திறந்தேன். "சிவப்பின் முறை" என்றது.

ஓரத்தில் 'நீக்கு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். அதை அமுக்கினால் சிவப்பு தேசம் சாம்பல் நிறமாகிவிடும். ஒரு தேசம் போனாலே ஆட்டம் முடிந்தது, மிச்சம் இருக்கிற இரண்டில் பெரியதற்கு ஜெயம். பெரியது நீலம்.

"எடுத்துருங்க சார்" என்றார் லாரிக்காரர். "வேற என்ன பண்றது? நீங்கதான் ஜெயிச்சீங்க."

விரலைக் கொண்டு போனேன். உங்கள் விளையாட்டு அவசரப்படுத்தவில்லை. எவ்வளவு நேரம் விரலை அந்தரத்தில் வைத்திருந்தேன் என்று தெரியாது. பிறகு 'நீக்கு' என்பதை விட்டுவிட்டு, அவருடைய முறையைத் திறந்தேன். அவரவர் கடைசியாக எங்கிருந்து பார்த்தார்களோ, அங்கிருந்தே திறக்கும்படி உங்கள் ஆட்கள் செய்திருக்கிறார்கள் போலும். நான் ஒரு நாளும் பார்த்திராத ஓர் இடம் வந்தது. மலையின் மறுபக்கம். ஒரு ஆள் தரையில் நின்று பார்க்கிற உயரம். பனி விழுந்துகொண்டிருந்தது. மரங்களுக்கு நடுவில் மூன்று சிவப்புக் குதிரைகள் தலையைக் குனிந்து நின்றன. அதற்கு அப்பால் ஒரு மதில் சுவர், அதன் மேல் நீலக் கொடி. அது என்னுடைய தலைநகரம் என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது. என் கோட்டையின் முதுகை நான் பார்த்ததே இல்லை. அந்தப் பக்கம் ஒரு காவல்காரன்கூட இல்லை.

பழைய தட்டை வரைபடமாக இருந்திருந்தால், அந்த மூன்று குதிரையும் மூன்று சிவப்புப் புள்ளியாக எனக்குப் பளிச்சென்று தெரிந்திருக்கும். முதல் நாளே அடித்து விரட்டியிருப்பேன். எத்தனை முறையாக அவை அங்கே நிற்கின்றனவோ. அந்தம்மா என் கோட்டையை முன்பே பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. பிடித்தால் ஆட்டம் முடிந்துவிடுமே என்று விட்டு வைத்தாரா, மலையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் மறந்து போனாரா, தெரியவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லை.

குதிரைகளைத் தொட்டேன். கோட்டைக்குள் நகர்த்தினேன்.

"சார்! சார்! அது உங்க கோட்டை!" என்று லாரிக்காரர் எழப் பார்த்தார்.

"தெரியும்யா. அவங்க முறை. அவங்கதான் ஆடணும்."

என் ஆட்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். கண்ணை எடுக்காமல் பார்த்தேன். லாரிக்காரரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். நீலக் கொடி இறங்கிச் சிவப்புக் கொடி ஏறியது. எக்காளம் ஊதினார்கள். சத்தத்தைக் கேட்டு ஓடி வந்த பெரிய நர்ஸ், "யாரு ஜெயிச்சது?" என்று கேட்டார். "சிவப்பு" என்றோம் இரண்டு பேரும். அவர் துண்டை எடுத்து லாரிக்காரர் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனார். அவருக்கு வியர்த்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மாப்பிள்ளை, தட்டையாக்க வேண்டாம். மலை இருக்கட்டும், பனி இருக்கட்டும், ஆறுகூட இருந்து தொலைக்கட்டும். ஒரே ஒரு விரலால் மலையைத் திருப்ப ஏதாவது வழி செய்து கொடுத்தால் போதும். பக்கத்து நாற்காலிக்காரர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, நானும் ஆடலாமா என்று கேட்கிறார். அவருக்கும் ஒரு கைதான் சும்மா இருக்கிறது. அடுத்த வருஷம் பார்க்கலாம் மாமா என்று நீங்கள் வழக்கமாகச் சொல்வீர்கள். இங்கே யாரும் அடுத்த வருஷத்தை நம்பி ஆட உட்காருவதில்லை. கொஞ்சம் சீக்கிரம் செய்யுங்கள்.